ஆள் தெரிந்தது, யாரென்று தெரியவில்லை – ஒரு தோட்டத்து வீட்டின் கேமரா நிகழ்வு ஆய்வு

பொள்ளாச்சியில் பதினோரு வருடமாகக் கேமராவும் நெட்வொர்க்கும் மாட்டிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். கீழே இருப்பது 2025 ஜூன் முதல் அக்டோபர் வரை ஒரு தோட்டத்து வீட்டில் நடந்தது. வீட்டுக்காரர், அவருடைய மகள், தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் ஆகிய மூன்று பேரிடமும் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். ஆள் பெயரும் ஊர் பெயரும் கிடையாது. வெளியூர் போகும்போது வீட்டில் கேமரா வைத்துவிட்டுப் போகிறவர்கள் இதை முழுசாகப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பின்னணி

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை போகும் பக்கம் 4 ஏக்கர் தென்னந்தோப்பு. நடுவில் வீடு, வீட்டுக்கு முன்னால் களம், களத்தைத் தாண்டி 35 மீட்டரில் மோட்டார் ரூம். பக்கத்து வீடு என்றால் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பங்காளி வீடுதான். கணவருக்கு 68 வயது, மனைவிக்கு 63. ஒரே மகள், மெல்போர்னில் இருக்கிறார். பிரசவத்துக்காக இருவரும் ஜூன் 8-ஆம் தேதி கிளம்பி நாலு மாதம் அங்கே இருப்பதாகத் திட்டம்.

2024 நவம்பரில் பல்லடம் பக்கமும், அடுத்த சில மாதத்தில் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீடுகளில் இருந்தவர்கள் கொல்லப்பட்ட பிறகு இந்தச் சீமையில் தோட்டத்துக்குள் குடியிருக்கிற எல்லோருக்கும் ஒரு பயம் வந்துவிட்டது. மே மாதம் முழுக்க எனக்கே மூச்சுவிட நேரமில்லாத அளவுக்கு வேலை. இவர்கள் வீட்டில் மருமகன் ஆன்லைனில் மூன்று வைஃபை கேமரா ஆர்டர் போட்டு, உள்ளூர் எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டிவிட்டார். ஒன்று திண்ணையிலிருந்து கேட்டைப் பார்க்கும். ஒன்று வீட்டுச் சுவரிலிருந்து களத்தையும் மோட்டார் ரூமையும் பார்க்கும். மூன்றாவது வீட்டுக்குள் ஹாலில். மூன்றிலும் 32 ஜி.பி. மெமரி கார்டு. பார்க்கும் செயலி மெல்போர்னில் மகள், மருமகன் இருவர் போனிலும் மட்டும்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. இருபத்திரண்டு வருடமாக அங்கேதான். சாவி அவரிடம். வெள்ளிக்கிழமை தோறும் அவருடைய மனைவி வந்து வீட்டுக்குள் விளக்குப் பொருத்துவார். கேமரா மாட்டியது அவருக்குத் தெரியும். ஆனால் எது எதைப் பார்க்கும், யார் பார்க்கிறார்கள், அது சத்தம் போடும், பேசும் என்பதெல்லாம் யாரும் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் மூன்று வாரம்

ஜூன் என்றால் எங்கள் பக்கம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம், அதன் வாயில்தான் பொள்ளாச்சி உட்கார்ந்திருக்கிறது, தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வரும். தென்னைமட்டை ஒரு நிமிடம் சும்மா நிற்காது. அந்தக் கேமராக்கள் அசைவைக் கண்டுபிடிப்பது எப்படி என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் புள்ளிகள் மாறியிருக்கிறதா என்று பார்க்கும், அவ்வளவுதான். மட்டை ஆடினாலும் மாறும், மட்டையின் நிழல் களத்தில் ஓடினாலும் மாறும், மயில் நடந்தாலும் மாறும்.

ஜூன் 14 அன்று களத்துக் கேமரா மட்டும் 312 அறிவிப்பு அனுப்பியிருக்கிறது. மகள் அந்த எண்ணைப் படம் பிடித்து வைத்திருந்தார். ராத்திரியில் வேறு தொந்தரவு: லென்ஸுக்கு முன்னால் சிலந்தி கட்டிய ஒற்றை இழை, கேமராவின் இரவு விளக்கு பட்டு வெள்ளைக் கயிறு மாதிரி மின்னி, காற்றில் ஆடி, ஆள் வந்த மாதிரி காட்டியிருக்கிறது. நிறைமாதத்தில் இருக்கிற பெண், ஒவ்வொரு முறையும் போனை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

ஜூன் 27, விடியற்காலை 2.40

அமாவாசை கழிந்து இரண்டாம் நாள், கும்மிருட்டு. மெல்போர்னில் மணி காலை 7.10. களத்துக் கேமராவில் ஒரு டார்ச் வெளிச்சமும், தலையில் துண்டு கட்டிய ஒரு உருவமும் மோட்டார் ரூம் வாசலில். மகள் பயந்துபோய் முதலில் 112 போட்டிருக்கிறார். ஆஸ்திரேலியாவில் செல்போனிலிருந்து 112 அடித்தால் அந்த நாட்டு அவசர எண்ணான 000-க்குத்தான் போகும். எடுத்தவர் மெல்போர்னில் எந்தத் தெரு என்று கேட்டிருக்கிறார். போனை வைத்துவிட்டு, செயலியில் இருந்த சைரன் பொத்தானை அழுத்திவிட்டு, பங்காளி வீட்டுக்கு அடித்திருக்கிறார். பத்து நிமிடத்தில் இரண்டு வண்டியில் நாலு பேர் தடியோடு வந்துவிட்டார்கள்.

வாசலில் நின்றது தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். ராத்திரி முறையில் த்ரீ பேஸ் கரண்ட் வந்திருக்கிறது, சொட்டுநீருக்கு மோட்டார் போட வந்திருக்கிறார். வருடக்கணக்காகச் செய்கிற வேலை. யாரும் கை வைக்கவில்லை, வந்தவர்களுக்கு அவரைத் தெரியும். ஆனால் நாலு டார்ச் வெளிச்சம் முகத்தில் அடிக்க, மேலே சைரன் கத்த, அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாராம். "நான்தானுங்க, நான்தானுங்க" என்று இரண்டு முறை சொன்னாராம்.

மறுநாள் காலையில் வீட்டுச் சாவியைக் கொண்டுபோய்ப் பங்காளி வீட்டில் கொடுத்துவிட்டார். வீட்டுக்காரர் மெல்போர்னிலிருந்து கூப்பிட்டுப் பேசியபோது அவர் சொன்னதை வீட்டுக்காரரே என்னிடம் சொன்னார், சொல்லும்போது குரல் கம்மிவிட்டது: "இருவத்திரண்டு வருசமா அந்தக் கதவு எனக்குத் தொறந்தே கெடந்துச்சுங்ண்ணா. இப்ப ஒரு பொட்டி என்னையத் திருடன்னு கத்துது."

பகலில் வருவதை அவர் நிறுத்தவில்லை. ராத்திரி வருவதை நிறுத்திவிட்டார்.

அறிவிப்பை அணைத்தது

அந்த வாரமே மகளும் மருமகனும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள். செயலியின் அறிவிப்புகளை முழுவதுமாக அணைத்துவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது தாங்களே திறந்து பார்த்துக்கொள்வது. குழந்தை பிறக்கப் போகிறது, தூக்கம் வேண்டும், இன்னொரு முறை அவரை அப்படி நிறுத்திவிடக் கூடாது என்ற பயம் வேறு. அந்த நேரத்தில் அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்தப் பொத்தான் மட்டை ஆடுவதோடு சேர்த்து, கேமராவே செத்துப்போனால் வரும் ஒரே ஒரு செய்தியையும் அணைத்துவிட்டது.

ஜூலை 19 முதல் 22 வரை

ஆடி பிறந்து மூன்றாம் நாள். விடியற்காலை 1.15 வாக்கில் ஒரு மட்டை விழுந்து கரண்ட் கம்பியும் நெட் வரும் ஃபைபர் ஒயரும் சேர்ந்து அறுந்தது. கரண்ட் காலை 5 மணிக்கு வந்துவிட்டது. ஃபைபர் வரவில்லை. மூன்று கேமராவும் ஆஃப்லைன். குழந்தை பிறந்து ஐந்தாம் நாள், மெல்போர்னில் யாரும் செயலியைத் திறக்கவில்லை. 21-ஆம் தேதி சாயங்காலம் மருமகன் திறந்து பார்த்துவிட்டுப் பங்காளிக்குப் போன் போட்டார். அவர் போய்ப் பார்த்தால், மோட்டார் ரூம் பூட்டு உடைந்து கிடக்கிறது, ஸ்டார்ட்டர் பெட்டி இல்லை, போர்வெல்லுக்குப் போகும் செம்புக் கேபிள் 45 மீட்டர் அறுத்து எடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் சேர்த்து 18,000 ரூபாய் சுமார். வீட்டுப் பூட்டை யாரும் தொடவில்லை.

காவல் நிலையத்தில் பங்காளிதான் புகார் கொடுத்தார், புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். வீடு பூட்டிக்கிடக்கிறது என்று கிளம்பும் முன்பே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருந்தால் ரோந்து போகும்போது ஒரு பார்வை பார்த்திருப்பார்கள். அதை யாரும் செய்யவில்லை.

22-ஆம் தேதி காலையில் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் பார்த்தது

நெட் இல்லாவிட்டாலும் கரண்ட் இருந்தால் கேமரா கார்டில் பதிவு செய்துகொண்டே இருக்கும். அதனால் 19 விடியற்காலை 5 மணிக்குப் பிறகு நடந்தது எல்லாம் கார்டில் இருக்கும் என்ற நம்பிக்கையோடு களத்துக் கேமரா கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டேன். முதல் பதிவே 21-ஆம் தேதி விடியற்காலை 2 மணிக்குத்தான் ஆரம்பிக்கிறது. கணக்குப் போட்டால் சரியாக வருகிறது. நிறுத்தாமல் பதிவு செய்யும்போது நொடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. கார்டில் உண்மையில் எழுத முடிவது 29 ஜி.பி. சுமார். ஒன்றேகால் நாளுக்குக் கொஞ்சம் மேல். அதற்கு முந்தையது பழசு என்று தானாக அழிந்துவிடும்.

அந்த முதல் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறத்தில் களம், கோடியில் மோட்டார் ரூம், அதன் தகரக் கதவு ஏற்கெனவே திறந்து கிடக்கிறது, காற்றில் மெதுவாக வந்து மோதி மறுபடி திறக்கிறது. திருட்டு அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. 19-ஆம் தேதியா, 20-ஆம் தேதி ராத்திரியா, இன்றுவரை தெரியாது. முன்பு மாதிரி ராத்திரி மோட்டார் போட தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் வந்துகொண்டிருந்தால் திருட்டு நடந்த ராத்திரியே தெரிந்திருக்கும்.

அப்புறம் ஜூன் 27 படத்தையும் மகள் போனிலிருந்து வாங்கிப் பார்த்தேன். சொந்த வீட்டில் இருபது வருடம் பார்த்த மனிதரை எப்படி அடையாளம் தெரியாமல் போனது? அதற்கும் கணக்கு இருக்கிறது. படத்தின் அகலம் 1,920 புள்ளி. அந்த லென்ஸ் கிட்டத்தட்ட 90 டிகிரி பார்க்கும், 35 மீட்டர் தூரத்தில் 70 மீட்டர் அகலத்தை ஒரே படத்தில் அடைக்கிறது. ஒரு மீட்டருக்கு 27 புள்ளி. கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐ.இ.சி. 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு என்ன சொல்கிறது என்றால், அங்கே ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிய மீட்டருக்கு 25 புள்ளி போதும், தெரிந்த ஆளை இன்னார் என்று சொல்ல 125 வேண்டும், தெரியாத ஆளை அடையாளம் காட்ட 250 வேண்டும். இந்தக் கேமராவில் அவர் முகத்தின் அகலம் மொத்தமே 4 புள்ளி. அவர் எப்போதும் தலையில் கட்டுவது பச்சைத் துண்டு, ஊரில் பாதிப் பேருக்குத் தூரத்திலேயே அதை வைத்து அவரைத் தெரியும். இரவுப் படத்தில் நிறமே கிடையாது, துண்டு வெள்ளையாகத்தான் தெரிந்தது.

ஆக அந்தக் கேமரா தன்னால் முடிந்ததைச் சரியாகத்தான் சொன்னது: ஒரு ஆள். யார் என்பது தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், த்ரீ பேஸ் எப்போது வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த விவரம் மெல்போர்ன் போன்களுக்குப் போகவே இல்லை.

இன்னும் இரண்டு கோளாறு. மூன்று கேமராவுக்கும் ஒரே கடவுச்சொல், அதுவும் பெட்டியோடு வந்தது. 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது இந்த ஒரு சோம்பலை வைத்துத்தான். இரண்டாவது, 2025 ஏப்ரல் 9 முதல் நம் நாட்டில் விற்கும் கேமராக்களுக்கு எஸ்.டி.க்யூ.சி. என்ற மத்திய அரசுச் சோதனை அமைப்பின் பாதுகாப்புச் சோதனை விதிகள் கட்டாயமாகிவிட்டன. இவர்கள் வாங்கியது மே மாதம், பெட்டியில் அப்படி எதுவும் காணோம். பழைய சரக்காக இருக்கலாம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

மருமகனுக்கு எட்டுக் கேமரா போடச் சொல்லி ஆசை. செலவைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு கேமராவே ஒரு நாளில் 300-க்கு மேல் அறிவிப்பு அனுப்பியது, எட்டு என்ன செய்யும்?

முதலில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் பேச வேண்டும், அதற்குப் பிறகுதான் ஏணியில் ஏறுவேன் என்றேன். வீட்டுக்காரர் வீடியோ காலில் வந்தார். அவர் சொன்னது இதுதான்: "தம்பி, அன்னிக்கு நடந்தது எங்க தப்பு. உன்கிட்டச் சொல்லாம உன் தலைக்கு மேல கேமரா வெச்சோம். நீ வேண்டாம்னா கழட்டிரச் சொல்றேன்." தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இருக்கட்டுங்ண்ணா. ஆனா உள்ள இருக்கறது வேண்டாங்க" என்றார். அப்போதுதான் ஹால் கேமரா விஷயம் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை வந்து விளக்குப் பொருத்திவிட்டு, சில நாள் வெயிலுக்கு அங்கேயே கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுப் போன அவர் மனைவிக்கு, தன்னை யாராவது பார்க்க முடியும் என்றே தெரியாது. மகளுக்கும் அது தோன்றவே இல்லை. ஹால் கேமராவை அன்றே கழற்றி, உள்வாசல் கதவில் திறந்தால் சொல்லும் காந்த சென்சார் மட்டும் வைத்தேன்.

செயலியைப் பார்க்கும் உரிமையை தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவருடைய மகனின் போனுக்கும் பங்காளி வீட்டுக்கும் பகிர்ந்தோம். பையன் காலேஜ் படிக்கிறான், விவரமானவன். அறிவிப்பு வந்தால் முதலில் அவன் போனுக்குக் கூப்பிட வேண்டும், அதற்கு முன் யாரும் சைரனைத் தொடக் கூடாது என்று பேசி முடிவானது.

களத்துக் கேமராவில் மனித உருவத்தை மட்டும் கணக்கெடுக்கும் வசதி ஏற்கெனவே இருந்தது, யாரும் போடவில்லை. அதைப் போட்டு, மட்டைகள் வரும் மேல்பாதியைக் கட்டத்தால் மறைத்தேன். மோட்டார் ரூமுக்கு வைஃபை எட்டாது, அதனால் அங்கே சிம் கார்டும் பேட்டரியும் சின்னச் சோலார் தகடும் உள்ள தனிக் கேமரா, கதவுக்கு மேலே, ஆள் நிற்கும் இடத்திலிருந்து 3 மீட்டரில். அந்தத் தூரத்தில் மீட்டருக்கு 320 புள்ளி கிடைக்கும், முகம் முகமாகத் தெரியும். அது உடம்புச் சூட்டை வைத்து விழிக்கும் வகை, மட்டை ஆடுவதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. வீட்டு ஃபைபர் அறுந்தாலும் இது தன் பாட்டுக்கு வேலை செய்யும்.

பதிவு செய்ய 1 டி.பி. டிஸ்க் உள்ள ரெக்கார்டரைப் பரண் மேல் இரும்புப் பெட்டிக்குள் வைத்தேன். ஒரு கேமராவுக்கு நாளுக்கு 21.6 ஜி.பி. என்றால் இரண்டு கேமராவுக்கு மூன்று வாரத்துக்கு மேல் தாங்கும். திருடன் கேமராவையே பிடுங்கிக்கொண்டு போனாலும் படம் வீட்டுக்குள் இருக்கும். ரவுட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். கடவுச்சொற்கள் மாறின. ஸ்டேஷனின் லேண்ட்லைன் எண்ணை +91, 4259 என்று தொடங்கி முழுசாக மெல்போர்ன் போன்களில் சேமிக்க வைத்தேன், ஏனென்றால் 100-ம் 112-ம் அங்கிருந்து இங்கே வராது.

கடைசியாக ஒன்று. தினமும் காலை 7 மணிக்குப் பையன் எல்லாப் படத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் "சரி" என்று போட வேண்டும். அந்த "சரி" வராவிட்டால் மெல்போர்னிலிருந்து போன் வரும். அறிவிப்பு வராமல் இருப்பதற்கு எல்லாம் நன்றாக இருக்கிறது என்றும் பொருள் உண்டு, எல்லாம் செத்துக் கிடக்கிறது என்றும் பொருள் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு

ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து அறிவிப்பு ஒரு நாளைக்கு ஆறு முதல் ஒன்பது வரை. பெரும்பாலும் அவரேதான், அல்லது தேங்காய் வெட்டுக்கு வந்த ஆட்கள். ராத்திரி மோட்டார் போட வரும்போது மோட்டார் ரூம் கேமராவைப் பார்த்து டார்ச்சை ஒரு முறை தன் முகத்தில் அடித்துக் காட்டிவிட்டு உள்ளே போவதை அவரே பழக்கமாக்கிக்கொண்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மகள் அந்தத் துண்டுக் காட்சிகளில் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார், குழந்தைக்குத் தாத்தா என்று காட்டுகிறாராம்.

ஆகஸ்ட் 10 அன்று கரண்ட் போனது, நெட்டும் போனது. தவறு என்னுடையது. அந்த வீட்டில் ஃபைபர் வந்து சேரும் பெட்டி ஒன்று, ரவுட்டர் இன்னொன்று. நான் யு.பி.எஸ்ஸை ரவுட்டருக்கு மட்டும் கொடுத்திருந்தேன். மாட்டிய அன்றே மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். மறுநாள் போய் இரண்டையும் சேர்த்தேன், மெயினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

செப்டம்பர் 3 ராத்திரி 11.50-க்கு கேட் கேமராவில் ஒரு பைக், இரண்டு பேர். நின்று கேட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள். பையன் போனுக்கும் மெல்போர்னுக்கும் ஒரே நேரத்தில் அறிவிப்பு போனது. மகள் சைரனைத் தொடவில்லை, பையனைக் கூப்பிட்டார். அவனும் அப்பாவும் பங்காளி வீட்டு ஆட்களோடு வண்டியில் வரும் வெளிச்சம் பார்த்ததும் பைக் கிளம்பிவிட்டது. வழி தவறி வந்தவர்களாகவும் இருக்கலாம். வண்டி எண் பாதிதான் தெரிந்தது, அதை ஸ்டேஷனில் கொடுத்தார்கள்.

கேபிள் கிடைக்கவில்லை. வீட்டுக்காரர்கள் அக்டோபர் 12 அன்று வந்து சேர்ந்தார்கள். சாவி இப்போது மறுபடியும் அவரிடம் இருக்கிறது. அவராகக் கேட்கவில்லை, வீட்டம்மா பங்காளி வீட்டிலிருந்து வாங்கி வந்து அவர் மனைவி கையில் கொடுத்தார்.

இனி மாற்றுவது

இந்த வீட்டுக்குப் பிறகு, யார் கூப்பிட்டாலும் கேமரா எண்ணிக்கையை நான் முதலில் கேட்பதில்லை. ராத்திரி அந்த இடத்துக்கு யார் யார் வருவார்கள், பால்காரர், கட்டுத்தரையைப் பார்ப்பவர், தண்ணீர் கட்டுபவர், பத்து நிமிடத்தில் வந்து சேரக்கூடியவர் யார், அவர்களுக்குக் கேமராவைப் பற்றிச் சொல்லியாயிற்றா என்று கேட்கிறேன். சில வீட்டில் இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. பரவாயில்லை, கேட்டுவிட்டுத்தான் மாட்டுகிறேன்.

மோட்டார் ரூம் கேமராவைப் பற்றி எனக்கு ஒரு கவலை இன்னும் இருக்கிறது. உடம்புச் சூட்டுக்கும் சுற்றுச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அது விழிக்கும். சித்திரை வெயிலில் அந்தச் சிமெண்ட் சுவரே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், அப்போது பகலில் ஆள் நடந்தாலும் அது தூங்கிக்கொண்டிருக்கலாம். சித்திரையில் ஒரு நாள் உச்சி வெயிலில் போய், தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவரையே பத்து முறை குறுக்கே நடக்கச் சொல்லி, எத்தனை முறை பிடிக்கிறது என்று பார்க்கப்போகிறேன். அவரிடம் சொல்லிவிட்டேன், வரச் சொல்லியிருக்கிறார்.